பிடிச்சதைச் சாப்பிடலாம்

டோகுஜியின் வீட்டில் அன்று காலை ஒரு விபரீதம் நடந்தது. அவர் மனைவி கினுயே அவரைத் திட்டவில்லை.

அகிதா மலைப்பக்கத்து அந்தக் கிராமத்தில் சேவல் கூவ மறந்த நாள் உண்டு. கினுயே திட்ட மறந்த நாள் கிடையாது. பனி ஒட்டிய பூட்ஸைப் பாய்மேல் கழற்றினால் திட்டு. குளிக்கும் அறைக் கதவைத் திறந்து போட்டால் திட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உப்புக்குத் திட்டு. உப்பான சோயா விழுது கரைத்த மிசோ சூப்பை வாயில் வைத்துப் பார்க்கும் முன்பே டோகுஜி அதில் சோயா சாஸை ஊற்றுவார். உப்பில் மாசக்கணக்காகக் கிடந்த முள்ளங்கி ஊறுகாயின் மேலும் ஊற்றுவார். கடலுக்கே கொஞ்சம் உப்புப் போதாது என்று நினைக்கிற நாக்கு அவருடையது. கினுயே திட்டத் திட்ட, புட்டி இன்னும் கொஞ்சம் சாயும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நடந்துவரும் காலை வழிபாடு அது.

அன்றும் ஊறுகாய்த் தட்டின் மேல் புட்டியைச் சாய்த்தார். வழக்கம்போல் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். திட்டு வரவில்லை. கினுயே அவர் கையிலிருந்து புட்டியை வாங்கினாள். வாங்கி, தன் கையாலேயே இன்னும் நாலு சொட்டு ஊற்றினாள்.

"நல்லா ஊத்திக்குங்க. உங்களுக்குப் பிடிக்குமே."

டோகுஜியின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் அப்படியே நின்றுவிட்டன.

"என்ன சொன்னே?"

"சாப்பிடுங்கன்னேன். மத்தியானத்துக்கு உப்புக்கண்டம் போட்ட சால்மன் மீன் வறுக்கறேன். தலைப்பக்கமா வேணுமா, வால்பக்கமா வேணுமா?"

"ரெண்டும்" என்றார், சண்டைக்கு இழுக்கிற நோக்கத்தோடு.

"ரெண்டுமே வறுக்கறேன்" என்று சிரித்தபடி அடுப்படிக்குப் போனாள்.

டோகுஜி ஊறுகாயை மென்றார். உள்ளே இறங்க மறுத்தது. முந்தைய நாள் ஆஸ்பத்திரியில் நடந்தது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

ஊர்ச் சாவடியில் வருஷா வருஷம் நடக்கிற உடம்புப் பரிசோதனையில், நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். முகம் மாறியது. மறுபடி அடித்தாள். "டவுன் டாக்டரைப் பாருங்க, வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள். டவுனில் டாக்டர் இவரை நெஞ்சிலும் முதுகிலும் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே உட்காரச் சொன்னார். கினுயேயை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

அந்த ஊர்ப் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். பெரிய வியாதி என்றால் டாக்டர் அதை வியாதிக்காரனிடம் சொல்ல மாட்டார். வீட்டுக்காரர்களிடம்தான் சொல்வார். வீட்டுக்காரர்கள் முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். வியாதிக்காரனைத் தவிர ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும்.

டோகுஜி கதவில் காது வைத்துப் பார்த்தார். நடைபாதையில் மண்ணெண்ணெய் ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த இரண்டு கிழவிகள், கரித்துப்போன ஊறுகாயைப் பச்சைத் தண்ணீரில் எத்தனை நாள் போட்டால் உப்பு இறங்கும் என்று ஒருத்தியை ஒருத்தி அடிக்காத குறையாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பேசியது ஒன்றும் கேட்கவில்லை. கதவு திறந்தது. கினுயே வெளியே வந்தாள். முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நேரம்?"

"பிடிச்சதைச் சாப்பிடலாமாம். வாங்க, பஸ் போயிடும்."

நேற்று அதைக் கேட்டதும் டோகுஜி மார்தட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினார். பார்த்தாயா, டாக்டரே நம்ம கட்சி என்று வழியெல்லாம் பேசினார். இன்று காலை அந்த நாலு சொட்டு சோயா சாஸ் விழுந்ததும்தான் அதற்கு வேறு அர்த்தம் இருப்பது அவருக்குப் பட்டது.

பக்கத்து வீட்டு மொசுகேயிடம் ஓடினார். மொசுகே வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள்.

"ஏண்டா மொசுகே, உங்க அண்ணன் போனாரே, அப்ப டாக்டர் உங்க அண்ணிகிட்ட என்ன சொன்னாரு?"

"காலங்காத்தால என்ன கேள்வி இது?"

"சொல்லுடா."

"என்ன சொல்வாரு? பிடிச்சதைச் சாப்பிடட்டும், தடுக்காதீங்கன்னாரு. அண்ணி தினம் நண்டு வாங்கிப் போட்டாங்க. சாக்கே சாராயத்தைச் சூடு பண்ணிக் கையில குடுத்தாங்க. அதுக்கு முந்தி துடைப்பத்தால அடிக்காத நாள் கிடையாது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? செர்ரி பூக்கறதுக்குள்ள போயிட்டாரு."

டோகுஜி பனிக்குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உன் பொண்டாட்டி உன்னைத் திட்டறாளா?"

"இப்பக்கூட வாங்கிக்கிட்டுத்தான் வெளியே வந்தேன். கேட்கலையா உனக்கு?"

"கொடுத்து வெச்சவன்டா நீ" என்றார் டோகுஜி. குரல் தழுதழுத்தது.

ஆனாலும் டோகுஜி எதையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடுகிற ஆள் இல்லை. பத்து யென் பொருளைப் பத்துத் தடவை புரட்டிப் பார்ப்பவர். மனைவியைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். வீட்டுக்குத் திரும்பியவர் பனி பூட்ஸோடு பாயின் நடுவில் போய் நின்றார். பூட்ஸிலிருந்து தண்ணீர் வழிந்தது. கினுயேயின் உதடு துடித்ததை அவர் நன்றாகப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வருகிறது, வருகிறது என்று ஆசையோடு காத்திருந்தார்.

"குளிர்ல வந்திருக்கீங்க. கணப்பு மேசைக்கு அடியில காலை வெச்சுக்குங்க" என்றாள். குனிந்து பாயைத் துடைத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த நீலக் கிண்ணத்தைக் கை தவறினமாதிரி போட்டு உடைத்தார். அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் லேசாக விரிசல் விட்டதற்கே ஒரு காலத்தில் ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் அவள்.

"போனாப் போகுது" என்றாள் கினுயே. "கையில கீறலையே?"

டோகுஜிக்குக் குப்பென்று வேர்த்தது. வெளியே பனி கொட்டுகிற ஊரில், ஸ்டவ்வை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தவருக்கு வேர்த்தது.

கடைசி முயற்சியாகத் தனியே டவுனுக்குப் போய் டாக்டரின் எதிரே உட்கார்ந்தார்.

"டாக்டர், நான் ஆம்பளை. எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன். மறைக்காம சொல்லுங்க."

"மறைக்க என்ன இருக்கு? பிரஷர் ரொம்ப ஜாஸ்தி. இப்படியே விட்டா மூளையிலோ நெஞ்சிலோ போய் அடிக்கும். உப்பை விடணும். சாக்கேயைக் குறைக்கணும். சூடான அறையிலேருந்து குளிருக்குள்ள திடுதிப்புனு போகக் கூடாது. கூரைப் பனி தள்ளக் கூடாது. தினம் கொஞ்சம் நடக்கணும். உங்க வீட்டம்மாகிட்ட எல்லாத்தையும் விவரமாச் சொல்லியிருக்கேனே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்று டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எதற்குத் துடைத்தார்? பஸ்ஸில் வரும்போது டோகுஜி யோசித்தார். வெறும் பிரஷராக இருந்தால், உப்பை விடச் சொன்னது நிஜமாக இருந்தால், கினுயே என்ன செய்திருப்பாள்? உப்பு ஜாடியைக் கிணற்றில் போட்டிருப்பாள். ஊறுகாய்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டிருப்பாள். அவளோ தன் கையால் சோயா சாஸ் ஊற்றுகிறாள். உப்பைத் தடுத்துப் பிரயோஜனமில்லை என்கிற கட்டம் வந்தால்தானே அப்படிச் செய்வாள்? டாக்டர் சொன்னது பச்சைப் பொய். ஆறுதலுக்காகச் சொன்ன பொய். மொசுகேயும் அதை உறுதிப்படுத்தினான்.

"எங்கண்ணன்கிட்டயும் 'அவ்வளவுதான்'னுதான்டா சொன்னாரு."

அன்று டோகுஜி ஒரு பெரிய தீர்மானத்துக்கு வந்தார். சாகக் கூடாது. டாக்டர் கைவிட்டால் என்ன? பொய்யாகவே சொல்லியிருந்தாலும், டாக்டர் வாயிலிருந்து வந்த வைத்தியம் வைத்தியம்தான். உப்பை விடுவது. சாக்கேயை விடுவது. குளிரில் போகாமல் இருப்பது. நடப்பது. ஒன்று மட்டும் முக்கியம். கினுயேக்குத் தெரியக் கூடாது. புருஷனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அறிந்தால் அவள் உடைந்துபோவாள். சிரித்தமாதிரி வைத்துக்கொண்டிருக்கிற அந்த முகத்தை அவள் எவ்வளவு கஷ்டப்பட்டு வைத்துக்கொண்டிருக்கிறாளோ! அதுவும் தவிர, ஊறுகாய்க்கு அஞ்சினான் டோகுஜி என்ற பேர் ஊரில் பரவினால் அது சாவைவிட மோசம்.

அன்று முதல் சாப்பாட்டு வேளை ஒரு திருட்டு வேளை ஆயிற்று. கினுயே சாதம் எடுக்க உள்ளே திரும்புவாள். டோகுஜி பின்பக்க ஜன்னலைச் சத்தமில்லாமல் திறப்பார். புகை போட்ட முள்ளங்கி ஊறுகாய், கத்தரிக்காய் ஊறுகாய், கடுகுக்கீரை ஊறுகாய் எல்லாம் வரிசையாகப் பனிக்குள் பாயும். மிசோ சூப்பில் பாதி ஜன்னல் வழியே போகும், மீதிப் பாதியில் கெட்டிலிலிருந்து வெந்நீர் விழும். கினுயே திரும்பி வரும்போது அவர் காலித் தட்டைக் காட்டி நாக்கைச் சப்புக்கொட்டுவார்.

"அதுக்குள்ள ஆயிடுச்சா? இன்னும் கொண்டுவரேன்."

"போதும்னா கேட்கவா போறே!"

அவளும் கேட்கவில்லை. தட்டு நிறைய மறுபடி வந்தது. மறுபடி ஜன்னல் திறந்தது. சூப் ஊற்றிய இடத்தில் பனி பழுப்பாகக் கறை படிந்ததைப் பார்த்து முதல் நாள் பதறிப்போனார். ஆனால் விடிவதற்குள் புதுப் பனி முழங்கால் உயரம் விழுந்து எல்லாவற்றையும் வெள்ளை வெளேரென்று மூடிவிட்டது. வானமே தன் பக்கம் என்று டோகுஜி பூரித்துப்போனார். சாக்கேயும் அதே வழியில்தான் போனது. மொசுகேயின் நாய் அந்தப் பக்கம் வந்து பனியை நக்கிவிட்டு, தன் வீடு எது என்று தெரியாமல் மூன்று வாசலில் போய்ப் படுத்தது.

குளிரைப் பற்றியும் டோகுஜி மகா ஜாக்கிரதை ஆனார். நடைபாதைக் கோடியில் இருக்கிற கழிவறைக்குப் போவதென்றால் பஞ்சு வைத்த கோட்டு, வயிற்றுப் பட்டை, கம்பளித் தொப்பி எல்லாம் பூட்டிக்கொண்டு, மலையேறப் போகிறவர் மாதிரி கிளம்பினார். குளிக்கும் அறைக்கு வெளியே கினுயே ஒரு சின்ன ஸ்டவ்வைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். சாகப்போகிற புருஷனுக்குக் கடைசிச் சொகுசு என்று நினைத்து நெஞ்சு கலங்கினார். அவர் கழிவறைக்குள் போனால் வெளியே அவள் காலடி கேட்கும்.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்டி. போகப் போறதா இருந்தா சொல்லிட்டுப் போறேன்."

வெளியே சத்தம் நின்றது. அவசரப்பட்டு உளறிவிட்டோமே, அழுகிறாளோ என்று உள்ளே அவர் தவித்தார்.

அவருடைய சந்தேகம் அடுத்த வாரமே உறுதியானது. விறகு எடுக்கப் பின்கட்டுக்குப் போனவர், ஊறுகாய்த் தொட்டிகள் இருக்கிற கிடங்கின் கதவிடுக்கில் பார்த்தார். கினுயே இடுப்பில் கட்டிய ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மொசுகேயின் மனைவி தொமி. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு தொட்டியைப் பிடித்தபடி குலுங்கினாள். இரண்டு பெண்பிள்ளைகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மறுபடி பொங்கிப் பொங்கிக் குலுங்கினார்கள்.

விறகை எடுக்காமலே டோகுஜி திரும்பிவிட்டார். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமாகத் திட்டுகிறாள் திட்டுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே, மனசுக்குள் இவ்வளவு பாசத்தையா வைத்திருந்தாள்? தான் போனபின் இந்தப் பெரிய வீட்டில், ஜன்னல்வரை ஏறுகிற பனியில், இவள் தனியே யாரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? அதை நினைக்கவே அவருக்குப் பொறுக்கவில்லை. அன்று சாப்பிடும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக, குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"கினுயே."

"என்னங்க?"

"நீ நல்லவ."

கினுயே அவரை ஒரு கணம் பார்த்தாள். சட்டென்று ஏப்ரனை வாயில் திணித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். ஓடிய வேகத்தில் அவர் ஜன்னலைத் திறக்க நிறைய நேரம் கிடைத்தது.

குளிர்காலம் ஒருவழியாக முடிந்தது. கூரையிலிருந்து பனி பொத்துப் பொத்தென்று தானாகச் சரிந்து விழுந்தது. ஓடையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. செர்ரி மொட்டு விட்டது. டோகுஜி சாகவில்லை. சாகாதது மட்டுமில்லை, மேட்டு ஷின்டோ கோயில்வரை மூச்சு வாங்காமல் நடந்துவிட்டு வந்தார். இது எப்படி என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. மறுபடி டவுனுக்குப் போனார்கள். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். மறுபடி அடித்தார். குனிந்து கருவியைத் தட்டிப் பார்த்தார்.

"இது உங்க கைதானே?"

"ஏன் டாக்டர்? முடிஞ்சுதா?"

"என்ன முடிஞ்சுதா? பிரமாதமா இறங்கியிருக்கு! இந்த ஜில்லாவுல உப்பை விடுன்னு சொன்னா விட்ட முதல் ஆம்பளை நீங்கதான். எப்படி முடிஞ்சுது?"

"அப்ப அந்த வியாதி?"

"எந்த வியாதி?"

 டோகுஜி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கினுயேயை எட்டிப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கையை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 வீட்டு வாசலில் நுழைந்ததும் டோகுஜி ஆத்திரத்தில் எதையும் கவனிக்காமல் விறுவிறுவென்று கூடத்துக்குள் நடந்தார்.

"பூட்ஸ்!" என்று பின்னாலிருந்து இடி விழுந்தது. "சேத்தோட பாய்மேலயா? கண்ணு என்ன முதுகிலயா இருக்கு? குளிர்காலம் பூரா துடைச்சுத் துடைச்சு என் இடுப்பு விட்டுப்போச்சு! நீலக் கிண்ணத்தை வேற உடைச்சீங்களே, அது எங்கம்மா கொடுத்தது, தெரியுமா தெரியாதா?"

டோகுஜிக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு சுகம் இறங்கியது. தான் பிழைத்துவிட்டதாக டாக்டர் சொல்லி நம்பாதவர், அப்போதுதான் நம்பினார். பிறகுதான் கோபம் ஞாபகம் வந்தது.

"என்கிட்ட பொய் சொல்லியிருக்கே நீ!"

"ஆமா, சொன்னேன்."

"பிடிச்சதைச் சாப்பிடலாம்னு டாக்டர் சொன்னாரா?"

"சொல்லலை. ஒரு துளி உப்பு கூடாதுன்னு மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாரு."

"அப்புறம் ஏன்டி..."

"உண்மையைச் சொன்னா கேட்டிருப்பீங்களா? கல்யாணமான நாள்லேருந்து உண்மையைத்தானே சொன்னேன்? ஒரு நாளாவது கேட்டீங்களா? ஒரே ஒரு பொய் சொன்னேன். குளிர்காலம் பூரா அட்சரம் பிசகாம நடந்துக்கிட்டீங்க."

 கினுயே சேற்றுக் கால்தடத்தைத் துடைத்தபடி, முகத்தைக் காட்டாமல், தணிந்த குரலில் சொன்னாள்.

"எங்கப்பாவும் இப்படித்தான். எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டார். ஒரு தைமாசக் குளிர்ல, வெறும் சட்டையோட கழிவறைக்குப் போனவர் உயிரோட திரும்பி வரலை. வெளியே நின்னு 'இருக்கீங்களா'ன்னு கேட்க யாரும் இல்ல. உங்களையும் விட்டுட்டா அப்புறம் நான் யாரைத் திட்டறது?"

டோகுஜி பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தார். எதையாவது சொல்லியாக வேண்டும், ஆனால் தோற்றமாதிரியும் இருக்கக் கூடாது. கனைத்துக்கொண்டார்.

"சரி சரி. நீ கெட்டிக்காரிதான். ஒத்துக்கறேன். ஆனா ஒரு விஷயத்துல நான்தான் ஜெயிச்சேன். நீ மலைமலையா வெச்ச ஊறுகாயெல்லாம் எங்கே போச்சுன்னு கடைசிவரைக்கும் உனக்குத் தெரியாம காரியம் பண்ணினேன் பார்!"

"ஆமாங்க, அது மட்டும் தெரியவே இல்ல" என்றாள் கினுயே. "உட்காருங்க, சாப்பாடு வைக்கறேன்."

டோகுஜி வெற்றிப் பெருமிதத்தோடு கணப்பு மேசைக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெயில் அடிக்கிறதே என்று அவள் பின்பக்க ஜன்னலை விரியத் திறந்துவிட்டாள். பின்கட்டில் பனி முழுக்க உருகி ஈர மண் தெரிந்தது. பிறகு ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். தட்டு நிறைய வெளுத்து, ஊதி, பளபளவென்று முள்ளங்கித் துண்டுகள். நடுவில் ஒரு கத்தரிக்காய்.

டோகுஜி தட்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

"கூடை கூடையாப் பொறுக்கிக் கழுவி வெச்சிருக்கேன்" என்றாள் கினுயே. "குளிர்காலம் பூரா பனித்தண்ணியில ஊறி, உப்பு சுத்தமா இறங்கிடுச்சு. இனிமே நீங்க பிடிச்சதைச் சாப்பிடலாம்."